எண்ணெய்க் கிணறும் சாணிக் குழியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் எண்ணெயைப் பற்றியதாகும். அதாவது, பூமிக்குள்ளிருந்து எடுக்கப்படுகிற பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சமையல் வாயு ஆகியவைகளுக்குப் பதிலாக, வருஷந்தோறும் திரும்பத் திரும்ப விளையக்கூடியதும் கிடைக்கக்கூடியதுமான பொருள்களிலிருந்து எரிபொருள் எடுப்பதால் நமக்கு என்ன லாபம், அந்த லாபம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றியதாகும். புராணத்தைப் பற்றியோ சோதிடத்தைப் பற்றியோ பேசுவான் என்று வந்தால் அடுப்பைப் பற்றிப் பேசுகிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அடுப்பில்தான் நம் வீட்டுப் பெண்களின் ஆயுள் பாதி கழிகிறது. ஆகவே அது பேசத்தக்க விஷயமே என்பது என் அபிப்பிராயம். வழக்கம்போல் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். உங்கள் அறிவுக்கும் அநுபவத்திற்கும் ஒத்து வருகிறதா என்று பார்த்து, ஒத்து வராததைத் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! நம் நாட்டில் இன்று செலவாகிற கச்சா எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவானது வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. சமையல் வாயுவிலும் பாதிக்கு மேல் அப்படியேதான். உலையில் போடுகிற அரிசி நம்முடையது. பானை நம்முடையது. ஊற்றுகிற தண்ணீர் நம்முடையது. அடியில் எரிகிற நெருப்பு மாத்திரம் அந்நியனுடையது. அவன் விலையை ஏற்றினால் நாம் கொடுக்க வேண்டும். கப்பல் வருகிற வழியில் இரண்டு ராஜ்யங்கள் சண்டை போட்டுக்கொண்டால், அந்தச் சண்டையில் நமக்கு எவ்விதச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும், நம் அடுப்புக்கு ஆபத்து வந்துவிடுகிறது.

இது இன்று நேற்று ஏற்பட்ட கஷ்டமல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942 ஆம் வருஷத்தில், பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. பர்மா எண்ணெயை நம்பி இந்தியாவில் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்த காலம் அது. ஏனாங்யாங் என்னும் இடத்திலிருந்த எண்ணெய்க் கிணறுகளை எதிரி கையில் அகப்படக் கூடாது என்று வெள்ளைக்காரர்களே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். உடனே இங்கே மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. பெட்ரோலுக்கு ரேஷன். அப்போது நம் ஊர் பஸ்கள் எதில் ஓடின என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பஸ்ஸின் பின்புறத்தில் உயரமான இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் மரக்கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, பையன் ஒருவன் கைச்சக்கரத்தைச் சுற்றி ஊதிக்கொண்டே இருப்பான். கரியைப் போதுமான காற்றில்லாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்கிற, தீப்பற்றக்கூடிய வாயு வரும். அந்த வாயுவைக் கொண்டு இஞ்சினை ஓட்டினார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவும் வேண்டியிருந்தது. ஆனாலும் பஸ் ஓடிற்று. யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்ததும் கரி உருளையைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

இன்னும் முன்னே போனால், டீசல் இஞ்சின் என்பது முதலில் பூமியெண்ணெய்க்கென்றே பிறந்ததுமல்ல. 1900 ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஒரு சிறிய டீசல் இஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நம் புஞ்சைக்காட்டுக் கடலைதான். பிறகு பூமியெண்ணெய் மலிவாய்க் கிடைத்தது. மலிவாய்க் கிடைத்ததையே உலகம் பிடித்துக்கொண்டது. பிடித்தது பழக்கமாகி, பழக்கம் கடைசியில் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது.

அந்தக் கயிறு இறுகியது 1973 ஆம் வருஷத்தில். அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் யுத்தம் மூண்டது. எண்ணெய் விற்கிற அரபு நாடுகள் கையை மூடிக்கொண்டன. பீப்பாய் ஒன்றுக்கு, அதாவது 159 லிட்டருக்கு, ஏறக்குறைய 3 டாலராக இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை எட்டிற்று. 1990 இல் இராக் தேசம் குவைத்தின்மேல் படையெடுத்தபோது மறுபடியும் விலை ஏறிற்று. நம் சர்க்காரிடம் வெளிநாட்டுப் பணம் வற்றிப்போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 1991 ஆம் வருஷத்தில் 47 டன் தங்கத்தை அந்நிய பாங்கிகளில் அடகு வைத்தார்கள். குடியானவன் தன் பெண்சாதியின் தாலியை அடகு வைப்பது போலத்தான். கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கையில் 2022 ஆம் வருஷத்தில் எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல், ஜனங்கள் பகலும் இரவும் பெட்ரோல் கடை வாசலில் வரிசையில் கிடந்ததையும், அந்த வரிசையிலேயே சிலர் உயிர்விட்டதையும் நீங்கள் பத்திரிகைகளில் பார்த்தீர்கள்.

சரி, இதற்கு மாற்று என்ன? பூமியெண்ணெயும் ஒரு காலத்தில் உயிருள்ள பொருள்தான். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணிய உயிர்கள் செத்து, மண்ணில் புதைந்து, வெந்து எண்ணெயாயின. அவை சேர்த்து வைத்ததெல்லாம் சூரிய வெப்பமே. அந்தப் பழைய சொத்தை எடுத்துச் செலவு செய்கிறோம். செலவானால் திரும்ப வராது. அன்றியும், பூமிக்குள் அடைந்து கிடந்த கரியையெல்லாம் புகையாக்கி ஆகாயத்தில் விடுகிறோம். அதனால் பூமி சூடேறுகிறது. ஆனால் இந்த வருஷம் விளைகிற கரும்பும், மாடு தின்கிற வைக்கோலும், அதனிடமிருந்து வருகிற சாணியும் இந்த வருஷத்துச் சூரிய வெப்பம். பயிர் காற்றிலிருந்து எடுத்த கரியே எரிக்கும்போது காற்றுக்குத் திரும்பப் போகிறது. மறு வருஷத்துப் பயிர் அதை மறுபடி எடுத்துக்கொள்ளுகிறது. முன்னது முதலைத் தின்பது. பின்னது வட்டியில் ஜீவிப்பது. இதுதான் வித்தியாசம்.

ஆனால் விளைகிற பொருள் என்பதனாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. நிலத்தை உழுவதற்கும், உரத்துக்கும், தண்ணீர் இறைப்பதற்கும், வண்டி வாடகைக்கும் எவ்வளவு எண்ணெய் உள்ளே போகிறது, கடைசியில் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மக்காச்சோளத்திலிருந்து எரிசாராயம் எடுக்கிறார்கள். எத்தனால் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அதுதான் எரிசாராயம். அதில் ஒரு பங்கு பூமியெண்ணெய் சக்தியைச் செலவழித்தால், ஒன்றரைப் பங்கு, அதிகம் போனால் இரண்டு பங்கு திரும்பி வருகிறது. பிரேசில் தேசத்தில் கரும்பிலிருந்து எடுக்கிறார்கள். அங்கே ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு வரையில் வருகிறது. காரணம் என்னவென்றால், சாறு பிழிந்தபின் நிற்கும் சக்கையையே கொதிகலனுக்கு விறகாக்கிக்கொள்ளுகிறார்கள். வடிப்பதற்கு வெளியிலிருந்து எரிபொருள் வேண்டியதில்லை. மிஞ்சின சக்கையில் மின்சாரமும் எடுத்து விற்கிறார்கள்.

இந்தப் பிரேசில் தேசத்தின் கதையை நாம் கொஞ்சம் விவரமாய்த் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் எண்ணெய்க்கு மாற்றுத் தேடுவதில் ஒரு பெரிய தேசம் முழுவதுமாக இறங்கினால் என்ன நன்மை வரும், என்ன சங்கடம் வரும் என்பது இரண்டும் அங்கே இருக்கிறது. அந்த நாட்டார் 1931 ஆம் வருஷத்திலேயே, இறக்குமதியாகிற பெட்ரோலில் நூற்றுக்கு 5 பங்கு எரிசாராயம் கலக்க வேண்டும் என்று சட்டம் செய்தவர்கள். 1973 இல் விலை ஏறினபோது அவர்களும் நம்மைப் போலவே, எண்ணெயில் நூற்றுக்கு 80 பங்கை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1975 நவம்பரில் சர்க்கார் ஒரு பெரிய திட்டம் போட்டு, ஆலைக்காரர்களுக்குக் கடன் கொடுத்து, வடிசாலைகள் கட்டச் செய்தார்கள். 1979 இல் முழுக்க எரிசாராயத்திலேயே ஓடுகிற கார் விற்பனைக்கு வந்தது. 1985, 86 இல் புதிதாய் விற்ற கார்களில் நூற்றுக்கு 90க்கு மேல் சாராயக் கார்களே. நம் ஊரில் சாராயம் குடித்தவன் தள்ளாடுவான். அங்கே சாராயம் குடித்த வண்டி நேராய் ஓடிற்று!

பிறகு என்ன நடந்தது? 1986 இல் உலகச் சந்தையில் பூமியெண்ணெய் விலை விழுந்தது. சில வருஷங்களில் சர்க்கரை விலை ஏறிற்று. ஆலைக்காரர்கள் பார்த்தார்கள். சாராயத்தைவிடச் சர்க்கரையில் லாபம் அதிகம். சாற்றைச் சர்க்கரைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1989 ஆம் வருஷத்தில் சாராயக் கார் வாங்கினவர்களெல்லாம் கடை கடையாய் அலைந்தார்கள். கரும்பு விளையாமல் போகவில்லை. சாறும் இருந்தது. வண்டிக்காரருக்கு மாத்திரம் எரிபொருள் இல்லை. அரபு நாட்டு முதலாளியிடமிருந்து தப்பித்தவன் உள்ளூர் முதலாளியிடம் அகப்பட்டுக்கொண்டான். ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. 1990களின் பிற்பகுதியில் சாராயக் கார் வாங்க அநேகமாய் ஆளே இல்லை.

அதற்குப் பரிகாரமாகக் கோவிலுக்கு நேர்ந்துகொள்ளாமல் யந்திரத்தைத் திருத்தினார்கள். பெட்ரோல் ஊற்றினாலும் ஓடும், எரிசாராயம் ஊற்றினாலும் ஓடும், இரண்டையும் எந்த அளவில் கலந்து ஊற்றினாலும் ஓடும் என்கிற இஞ்சின் 2003 ஆம் வருஷத்தில் விற்பனைக்கு வந்தது. எரிசாராயத்தில் லிட்டருக்கு உள்ள வெப்பம் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகையால் அந்த ஊர் வண்டிக்காரர், கடை வாசலில் நின்றபடியே, எரிசாராய விலை பெட்ரோல் விலையில் நூற்றுக்கு 70 பங்குக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இதையும் இல்லாவிட்டால் அதையும் வாங்குகிறார். விலை பேசும் அதிகாரம் ஆலைக்காரனிடமிருந்து வாங்குகிறவன் கைக்கு வந்தது. என்னைக் கேட்டால், பிரேசில் செய்த காரியங்களில் மேலானது இதுதான் என்பேன். 2025 ஆகஸ்டு முதல் அங்கே சாதாரணப் பெட்ரோலிலேயே நூற்றுக்கு 30 பங்கு எரிசாராயம் கலந்திருக்கிறது.

நிற்க. இந்தக் கரும்பை வெட்டினவன் யார் என்று கேட்க வேண்டாமா? 1888 ஆம் வருஷம் வரையில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகளைக் கொண்டு கரும்பு பயிரிட்ட தேசம் அது. அடிமைத்தனம் சட்டத்தில் ஒழிந்தது. கரும்பு வெட்டுகிறவன் நிலைமை வெகு காலம் ஒழியவில்லை. தோகையை முதல் நாள் கொளுத்திவிடுவார்கள். மறுநாள் அந்தக் கரியிலும் புகையிலும் நின்று, தினம் பத்து டன் வரையில் ஒரு மனிதன் வெட்ட வேண்டும். 1984 ஆம் வருஷத்தில் சாவோ பாலோ மாகாணத்தில், ஒரு ஆள் ஒரே முறையில் 5 வரிசை வெட்டிக்கொண்டு போவதற்குப் பதிலாக 7 வரிசை வெட்ட வேண்டும் என்று ஆலைகள் உத்தரவு போட்டன. குவாரிபா என்கிற சிறிய ஊரில் வெட்டுக்கூலிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கலகம் மூண்டு போலீஸ் வந்து சுட்டபின்பே பழைய 5 வரிசை திரும்ப வந்தது. பிறகு 2002 இல் தோகை கொளுத்துவதைப் படிப்படியாய் நிறுத்தச் சட்டம் வந்தது. புகை குறைந்தது. ஆனால் வெட்டு யந்திரம் வந்து, வெட்டுகிறவர்களில் அநேகருக்கு வேலையும் போயிற்று. சுத்தமான எரிபொருள் என்று விளம்பரம் செய்கிறார்கள். யாருடைய நெஞ்சிலிருந்த கரியைத் துடைத்துச் சுத்தம் செய்தார்கள் என்பதை விளம்பரத்தில் போடுவதில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இங்கே 2014 ஆம் வருஷ வாக்கில் பெட்ரோலில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான் எரிசாராயம். 2025 இல் அது 20 பங்காயிற்று. அந்த அளவுக்குக் கச்சா எண்ணெய் இறக்குமதி குறைந்தது உண்மை. கரும்புக்காரருக்குப் பாக்கி ஓரளவு சீக்கிரம் வந்ததும் உண்மை. இதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பிரேசிலில் சாவோ பாலோ பக்கத்தில் கரும்பு பெரும்பாலும் மழையில் விளைகிறது. நம் பக்கத்தில் அது ஏறக்குறைய ஒரு வருஷம் வயலில் நின்று, வாய்க்கால் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் குடிக்கிற பயிர். கரும்பு போதவில்லை என்று மக்காச்சோளத்திலும், சர்க்கார் கிடங்கு அரிசியிலும் வடிக்கிறார்கள். மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024 இல் அதை இறக்குமதி செய்தது. அதனால் தீவன விலை ஏறி, கோழி வளர்ப்பவர்கள் கூச்சல் போட்டார்கள். கலந்த பெட்ரோலில், கணக்குப்படி, நூற்றுக்கு 6, 7 பங்கு வெப்பம் குறைவு. ஆகவே அதே தூரம் போகச் சற்று அதிகம் ஊற்ற வேண்டும். இந்த நஷ்டத்தை விலையில் கழித்துக்கொடுத்தால் நியாயம். கழிக்காமல் விற்றால் அந்த லாபம் யாருக்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற கழிவுப்பாகில் வடிப்பதை நான் வரவேற்கிறேன். சோற்றரிசியில் வடிப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

மாற்று எரிபொருள் என்று பேச்செடுத்தால் நம் ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. அற்புதத்தை எதிர்பார்ப்பது. 1996 ஆம் வருஷத்தில் தெற்கே ஒருவர், தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் காய்ச்சினால் பெட்ரோலாகிவிடும் என்றார். பத்திரிகைகள் படம் போட்டன. படித்தவர்கள் கை தட்டினார்கள். பச்சிலையின் மகிமை என்றார்கள். முன்னோர் ரகசியம் என்றார்கள். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர். அடுப்புச் சாம்பலை மறுபடி விறகாக்க முடியுமானால் தண்ணீரையும் ஒரு பிடி இலையால் பெட்ரோலாக்கலாம். பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படித்த ஒரு பையன் கேட்டிருக்க வேண்டிய இந்தக் கேள்வியைப் பெரிய மனிதர்கள் கேட்கவில்லை. விஞ்ஞானிகள் முறையாய்ச் சோதித்தபோது அது நிற்கவில்லை. பிறகு கோர்ட்டு, கேஸ் என்று போயிற்று. அதன் பிறகும் புத்தி வந்ததா? 2003 முதல் காட்டாமணக்கு என்றார்கள். தரிசில் நட்டால் போதும், தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், டீசல் கொட்டும் என்றார்கள். 2011-12 க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு இதிலிருந்தே வரும் என்று டில்லியில் திட்டம் எழுதினார்கள். நம் ஜில்லாக்களிலும் நட்டார்கள். தண்ணீரும் உரமும் இல்லாத செடி, எல்லாச் செடியையும் போலவே, காய்க்கவில்லை. ‘தரிசு’ என்று அவர்கள் எழுதின நிலத்தில் ஏழைகளின் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஆகவே தோழர்களே, அற்புதம் எதுவுமில்லாத, நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிற ஒரு சங்கதிக்கு வருகிறேன். அதுதான் சாண எரிவாயு. சாணியையும் அதே அளவு தண்ணீரையும் கரைத்து, காற்றுப் புகாத குழியில் விட்டுவைத்தால், காற்றில்லாமல் உயிர் வாழ்கிற கிருமிகள் அதைத் தின்று, மீத்தேன் என்கிற வாயுவை வெளிவிடுகின்றன. ஏறக்குறைய 25 கிலோ பச்சைச் சாணியில், அதாவது இரண்டு மூன்று மாடுகளின் ஒரு நாள் சாணியில், ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சமையல் வாயுவுக்குச் சமானம். 14.2 கிலோ சிலிண்டர் ஒரு மாதம் வருகிற வீட்டுக்கு இது ஏறக்குறையப் போதும். அதே சாணியை வரட்டி தட்டி எரித்தால் பத்தில் ஒரு பங்குச் சூடுதான் பானைக்குச் சேரும். மீதியெல்லாம் புகை. அந்தப் புகை எங்கே போகிறது? ஊதுகுழலை வைத்துக்கொண்டு குனிந்திருக்கிற பெண்ணின் நெஞ்சுக்கும், மடியிலிருக்கிற குழந்தையின் நெஞ்சுக்கும் போகிறது. வீட்டு அடுப்புப் புகையால் உலகத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் பேர் சாகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அன்றியும், வரட்டியை எரித்தால் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் அதோடு எரிந்து போகும். வாயு எடுத்தபின் வெளிவருகிற கரைசலிலோ அது அப்படியே இருக்கும். ஒரே சாணி அடுப்புக்கும் ஆகிறது, வயலுக்கும் ஆகிறது.

சிலர் சொல்லுகிறார்கள், ‘பார்த்தீர்களா, பசுவின் மகிமையை! அதனால்தான் நம் பெரியோர்கள் அதைக் கும்பிட்டார்கள்’ என்று. அப்படியானால் பன்றியை அதைவிட அதிகமாகக் கும்பிட வேண்டும். கிலோவுக்குக் கிலோ பன்றிச் சாணியில் மாட்டுச் சாணியைவிட அதிக வாயு வருகிறது. சீன தேசத்தில் 1970களில் லட்சக்கணக்கான குடியானவர் வீடுகளில் பன்றிச் சாணியையும் மனித மலத்தையும் போட்டே இந்தக் குழிகளை நடத்தினார்கள். நம் நாட்டிலும் 1897 ஆம் வருஷத்திலேயே பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் விடுதியில் மலத்திலிருந்து வாயு எடுத்து விளக்கு எரித்திருக்கிறார்கள். கிருமிக்கு மாடு என்றும் பன்றி என்றும் மனிதன் என்றும் பேதம் தெரியாது. பேதம் நமக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். நாலு மாடு உள்ள குடும்பம். குழி கட்டி, கக்கூசையும் அதில் சேர்த்துவிடலாம் என்று மகன் சொன்னான். மாமியாரம்மாள் ‘அந்த நெருப்பில் பொங்கின சோற்றை நான் தொடமாட்டேன்’ என்றார்கள். கடைசியில் ராஜி என்ன ஆயிற்றென்றால், தினச் சமையல் வாயுவில் செய்வது, சாமிக்குப் பொங்கலை மாத்திரம் விறகில் வைப்பது என்பதாகும். மனிதர் தின்கிற சோற்றுக்கு ஆகாத தோஷம் ஒன்றுமில்லை, சாமி பார்க்கிற சோற்றுக்கு மாத்திரம் தோஷம்! இரண்டு வருஷம் கழித்து மழைக்காலத்தில் விறகு நனைந்துபோயிற்று. அந்த அம்மாளே அடுப்பைத் திருகிப் பொங்கல் வைத்துவிட்டு, ‘நெருப்புக்கு என்ன சாதி?’ என்றார்களாம். நாம் மேடையேறிப் பத்து வருஷம் பேசிச் சாதிக்காததை ஈர விறகு ஒரே காலையில் சாதித்தது.

ஆனால் இந்தக் குழியிலும் எனக்கு இரண்டு கவலைகள் உண்டு. முதலாவது, மாடில்லாதவள் கதி. முன்பெல்லாம் தெருவிலும் மேய்ச்சல் தரையிலும் விழுந்த சாணியைக் கூடையில் அள்ளி வரட்டி தட்டி அடுப்பெரித்தவள் நிலமும் மாடும் இல்லாத கூலிக்காரி. சாணிக்கு மதிப்பு வந்ததும் மாட்டுக்காரர், ‘என் மாட்டுச் சாணி, தொடாதே’ என்கிறார். பணக்காரர் வீட்டில் நீல நெருப்பு எரிகிறது. அவர் தொழுவத்தைக் கூட்டுகிறவள் முள்ளுக்கு அலைகிறாள். ஆகவே ஊருக்குப் பொதுவாய்ப் பெரிய குழி கட்டி, சாணி கொடுத்தவருக்குக் கரைசலும், உழைத்தவருக்கும் பங்கு வாயுவும் என்று முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், இந்த நல்ல காரியமும் இருப்பவனுக்கே போய்ச் சேரும். குழாயை எந்தத் தெருவரையில் போடுகிறார்கள், எந்தத் தெருவோடு நிறுத்துகிறார்கள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, குழி அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பது. இதைத் தயவுசெய்து வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் சொல்லுங்கள். எந்தக் காரணத்தைக் கொண்டும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது. அங்கே சுவாசிக்கக் காற்றில்லை. முதலில் இறங்கினவனைக் காப்பாற்ற இறங்குகிறவனும் செத்துப்போவான். கையால் மலம் அள்ளச் செய்வதை 1993 இலும், மறுபடியும் 2013 இலும் சட்டம் போட்டுத் தடுத்தும், மலக்குழியில் இறங்கி இன்னும் நம் தோழர்கள் சாகிறார்கள். இறக்கப்படுகிறவர் எந்தச் சாதி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எரிபொருளுக்கென்று நாம் கட்டுகிற குழி அந்தக் கணக்கில் இன்னொரு குழியாகக் கூடாது. கழியால் கிளறுங்கள். தண்ணீர் விட்டுக் கரையுங்கள். முடியாவிட்டால் யந்திரம் வைத்து உறிஞ்சுங்கள். அதற்கும் வசதியில்லாவிட்டால் அந்தக் குழியைக் கைவிட்டுவிடுங்கள். நஷ்டம் பணத்தோடு போகட்டும்.

சர்க்கார் உதவித்தொகைக்காகக் கட்டிப் பிறகு பாழாய்க் கிடக்கிற குழிகளும் ஏராளம். மாட்டை விற்றுவிட்டார்கள், அல்லது குழாயில் ஓட்டை விழுந்ததை அடைக்கவில்லை, அல்லது கோடையில் கரைக்கத் தண்ணீர் இல்லை. ஓட்டையோடு விட்டுவைப்பது நெருப்பாபத்து என்பதோடு, எரியாமல் தப்பிப்போகிற மீத்தேன், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும். பராமரிக்க முடியாதவர்கள் கட்டாமலிருப்பதே மேல்.

துண்டுச் சீட்டில் இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரு தோழர், ‘மின்சார வண்டி வந்துவிட்டதே, இனி எரிசாராயமும் சாணியும் எதற்கு?’ என்று கேட்கிறார். நல்ல கேள்வி. சைக்கிள் மோட்டாருக்கும் காருக்கும் டவுன் பஸ்ஸுக்கும் மின்சாரமே சிறந்தது என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் சுற்றுகிற காற்றாலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் மாகாணம் முழுவதிலும் சேர்த்து 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவப்பட்டிருக்கிறது. காற்றையும் வெயிலையும் எந்தத் தேசத்தாரும் அணை போட்டு நிறுத்த முடியாது. ஆனால் அந்தக் காற்று ஆனி முதல் ஆவணி வரை பலமாய் அடித்துவிட்டுப் பிறகு ஓய்ந்து போகும். வெயில் மாலையோடு போய்விடும். சேமித்து வைத்து, வேண்டியபோது எரித்துக்கொள்ளக்கூடியது விளைகிற எரிபொருள். அன்றியும் சாணியும் நகரத்துக் குப்பையும் நாம் வேண்டாமென்றாலும் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். அதை ஏரிக்கரையில் கொட்டி அழுகவிடுவதைவிட எரிப்பது லாபமல்லவா?

இரண்டாவது சீட்டு தாய்மார்கள் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. ‘சாண வாயுவில் சமைத்தால் சோறு நாறுமா?’ என்று. நாறாது. குழாயிலிருந்து வரும்போது அழுகின முட்டை போல் லேசாய் ஒரு வாசனை இருக்கும். அதில் கலந்திருக்கிற கந்தகத்தினால் அப்படி. பற்றவைத்ததும் அது போய்விடும். நீலமாய் எரியும். பாத்திரத்தில் கரி பிடிக்காது. இந்த ஊரிலேயே மேலத்தெருவில் ஒரு வீட்டில் குழி நடந்துகொண்டிருப்பதாகக் கூட்டத்தார் சொல்லுகிறார்கள். நாளைக் காலையில் போய்ப் பார்க்க அவர்கள் அநுமதித்திருக்கிறார்கள். நானும் வருகிறேன். சந்தேகமுள்ள தாய்மார்கள் அங்கே காப்பி சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்லலாம்.